சேவலும் மூன்று தேங்காயும்

முட்டம்,
கொல்லம் 1110 ஆவணி 14

என் பிரிய மகன் சிலுவைக்கு அப்பன் மரியான் எழுதுவது. மாதாவின் தயவால் நானும் உன் அம்மையும் சுகம், சென்னையில் நீயும் உன் சட்டப் புத்தகங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். நான் ஜெயிலில் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நம் கோவில் உபதேசியார் வேறுவிதமாக எழுதியிருப்பார்.

பக்கத்து வீட்டுச் சூசையின் சேவல் என் மீன்கூடைக்குள் தூங்கிவிட்டது. நான் பாராமல் கூடையைக் கட்டுமரத்தில் ஏற்றிவிட்டேன், அது நடுக்கடலில் எழுந்து கூவுகிறது. மத்தியானம் கரைக்கு வந்தால் சூசை போலீசோடு நிற்கிறான். "ஏலே, எனக்கச் சேவலக் கடலுக்குக் கொண்டுபோயா தின்னப் பாத்த?" என்று ஒரே கத்தல். மறுநாள் அவனே மனம் இளகி வழக்கு வேண்டாம் என்றான், ஏட்டு விடவில்லை. சேவல்தான் உன்னுடையது, குற்றம் சர்க்காருக்கு எதிரானது என்றாராம். சர்க்கார் ஒருநாளும் அந்தச் சேவலுக்கு ஒரு பிடி நெல் போட்டதில்லை மக்கா. ஆனாலும் சட்டம் என்று ஒன்று இல்லாவிட்டால் அன்றே அவன் துடுப்பை எடுத்திருப்பான், நானும் எடுத்திருப்பேன். அதற்குப் பதிலாக இருவரும் ஒரே வண்டியில் வெற்றிலை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனோம்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. மாஜிஸ்திரேட், பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியாரைப் போலக் கறுப்பு அங்கியோடு உயரத்தில் உட்கார்ந்து, குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்றார். கறுப்பு அங்கிக்காரர் அப்படிக் கேட்டால் நாம் என்ன செய்வோம்? முழங்கால் தானாக மடிந்தது. சிலுவை போட்டு, மார்பில் தட்டி, என் பாவமே என் பாவமே என்று தொடங்கிவிட்டேன். பெரிய வெள்ளியன்று கோழிக்கறி தின்றதை (அது சந்தையில் வாங்கியது), உபதேசியாரை ஆட்டுத்தாடி என்றதை, சூசையின் தென்னையில் மூன்று தேங்காய் பறித்ததை எல்லாம் சொல்லி, பரிகாரமாக எத்தனை பரலோக மந்திரம் சொல்ல வேண்டும் சாமி என்றும் கேட்டேன். குமாஸ்தா அத்தனையும் எழுதிக்கொண்டார். மாஜிஸ்திரேட் வெகுநேரம் இருமிவிட்டு, அடுத்த வாய்தாவுக்குச் சேவலையும் கூடையையும் கொண்டுவரச் சொன்னார்.

வாய்தா வரை பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பன் ஜெயிலில் இருந்தால் உன்னை நம்பி யார் வழக்குத் தருவார்கள் என்று பயந்தேன். வாய்தாவில் சேவலை அவிழ்த்துவிட்டார்கள், அது நேரே என் கூடைக்குள் போய்த் தூங்கிற்று. கை செய்தால் மட்டும் போதாது, மனமும் நினைத்திருந்தால்தான் குற்றம் என்று நீ எழுதியிருந்தாயே, அதைச் சொன்னேன். விடுதலை.

ஆனால் சூசை இப்போது தேங்காய்க்குப் பிராது கொடுத்திருக்கிறான். அதில் கையும் செய்தது, மனமும் நினைத்தது. வருகிற இருபதாம் தேதி அதே அங்கிக்காரர் அதே கேள்வியைக் கேட்பார், நான் நிற்கவா மண்டியிடவா என்று உடனே எழுது. இன்னொன்று, நீ சென்னைக்குப் புறப்பட்டபோது அம்மை கட்டிக்கொடுத்த முந்திரிக்கொத்து அந்தத் தேங்காயில் செய்ததுதான், திருட்டுப்பொருள் என்று தெரியாமல் தின்றவனுக்கு என்ன தண்டனை என்பதையும் புத்தகத்தில் பார்த்துக்கொள்.

அந்தோணியார் உன்னைக் காப்பார், எண்ணெய் தேய்த்துக் குளி, இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு.

இப்படிக்கு,
இருபதாம் தேதி வரை வெளியில் இருக்கும் உன் அப்பன்,
மரியான்