ஏலத்தில் போன முதல் ஓட்டம்

தக்கலை,
5 மே 2024

அன்புள்ள அத்தானுக்கு,

தேவ கிருபையால் நானும் மாமாவும் சுகம். மஸ்கட் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

போனை விட்டுவிட்டுக் காகிதத்தில் எழுதுகிறாளே என்று யோசிப்பீர்கள். போனை எடுத்தால் நாம் இருவரும் வக்கீல்களாகிவிடுகிறோம். 'டீச்சர் வேலையை விட்டுவிட்டு இங்கே வா' என்று நீங்கள், 'கல்யாணமான நாள்முதல் அங்கேதான் இருக்கிறீர்கள், போதும், ஊருக்கு வாருங்கள்' என்று நான். கடைசியில் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். போன லீவில் பாதியிலேயே டாக்சி பிடித்துப் போனீர்களே, அதற்குப் பிறகு எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. உங்கள் அப்பாவிடம் தினமும் பேசுங்கள். எனக்கு எழுதுங்கள். லீவு முடிந்து அங்கே திரும்பும்போது இதைக் கொண்டுவருகிற லீமாவிடம் ஏத்தங்காய் சிப்ஸ் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கார் வாங்கிவிட்டேன்!

தேர்தல் வேலைக்கு எனக்குக் கீரிப்பாறைப் பக்கம் பூத் போட்டிருந்தார்கள். பூத்துக்கு அடுத்த வீடு, ரிட்டயரான தோட்ட மானேஜர் ஒருவருடையது. குடிக்கத் தண்ணீர் கேட்கப் போனேன். ரப்பர் ஷீட் உலர்த்துகிற கொட்டகைக்குள், புகைபடிந்த படுதாவுக்குக் கீழே, உருண்டையாக என்னமோ கிடந்தது. படுதாவைத் தூக்கினால், பழைய வோக்ஸ்வேகன் பீட்டில்! அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி. இன்ஜின் பின்னால் இருக்கிறது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், காற்றே குளிரவைத்துவிடும். நான் பிள்ளைகளுக்கு வெப்பம் பாடம் நடத்துகிறவள் அல்லவா, அப்படியே நின்றுவிட்டேன். ஓட்டுப்போட வந்தவர்கள், "டீச்சர், மை வைக்க வாங்க" என்று வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

இதைப் பிரித்து மேய்ந்து, ஓடவைத்து, என் இஷ்டத்துக்குச் சாயம் அடித்து நானே ஓட்டப்போகிறேன். மாமா லாரியிலிருந்து அது இறங்கியதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மக்ளே, இதுக்குத் தண்ணி எங்க ஊத்துவ?"

உங்கள்
ஜெப்சி


மஸ்கட்,
9 ஜூன் 2024

அன்பு ஜெப்சிக்கு,

சிப்ஸும் கடிதமும் கிடைத்தன. சிப்ஸில் காரம் இல்லை, கடிதத்தில் இருந்தது.

பதினெட்டு வருஷமாகக் கார் ஏசி ரிப்பேர் பார்க்கிறவன் நான். என் பெண்டாட்டி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கார் வாங்குகிறாள், அதுவும் ஏசியே இல்லாத காரை! உனக்கும் எனக்கும் அது மூத்தது. நேசையன் டிரைவருக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மட்டும்தான் தம்பி. வாழ்நாளெல்லாம் எஸ்டேட் பஸ் ஓட்டி, ஒவ்வொரு ஏற்றத்திலும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றின மனுஷன் அப்பா. அவரை இந்த வயதில் குழப்பாதே.

ஊருக்கு வரச் சொல்கிறாய். வந்து என்ன செய்ய? லீவில் வரும்போதே தெருவில் காணுகிற ஆளெல்லாம், "வந்தியா மக்கா? எப்பம் திரும்பப் போற?" என்று ஒரே மூச்சில் கேட்கிறார்கள். போகவில்லை என்று சொன்னால் அந்த முகங்கள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் அக்டோபரில் கான்ட்ராக்ட் முடிகிறது. இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதாகத்தான் இருக்கிறேன். அதைப் பற்றி எழுதாதே. காரைப் பற்றி வேண்டுமானால் எழுது.

பெனிஷ்


தக்கலை,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். காரைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னீர்கள், ஆகவே காரைப் பற்றி மட்டும்.

அடித்தகடு அப்பளமாகப் போயிருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் தரையில் ஊர்கிற எறும்பு தெரியும். உங்கள் சித்தப்பா மகன் சிஜோதான் வெல்டிங் பட்டறையை அடைத்துவிட்டு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து வந்து புதுத்தகடு வைத்துக் கொடுத்தான். துருப்பிடித்த நட்டு போல்ட்டையெல்லாம் நான் எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறப் போட்டேன். மறுநாள் எடுத்தால் வெள்ளிக் கொலுசு போலப் பளபளக்கிறது! ஆறு வோல்ட் வயரிங்கைப் பன்னிரண்டாக மாற்றியாகிவிட்டது. கார்ப்பரேட்டர் சாமான்களைக் கொச்சியில் இதேபோல் கார் வைத்திருக்கும் ஒருவர் அனுப்பினார். நிறம் முடிவாகிவிட்டது: நம்மூர் மட்டிப்பழ மஞ்சள். சிஜோ, "மதினி, கறுப்பு அடிச்சா கெத்தா இருக்கும்" என்றான். "உன் வண்டிக்கு அடி" என்றேன்.

போன சனிக்கிழமை ஸ்டார்ட் ஆயிற்று அத்தான்! முதலில் தும்மிற்று. அப்புறம் பின்னாலிருந்து 'டுபுடுபுடுபு' என்று ஒரு சத்தம். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நேசம்மாள் அக்கா அகப்பையோடு ஓடிவந்தார்கள். சிஜோவும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். என் சேலை முழுக்கக் கிரீஸ்.

ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை. டாஷ்போர்டில் ஆயில் விளக்கு மினுங்குகிறது, இன்ஜினைத் தொட்டால் கை பொசுங்குகிறது, வண்டி தானாகவே அணைந்துபோகிறது. தினமும் இதே கதை. மாமாவுக்கு ஒரே வெற்றிக்களிப்பு. "நான் அப்பமே சொன்னேம்லா, தண்ணி ஊத்தாத வண்டி எங்கயாங்கிலும் ஓடுமா?" என்கிறார். காலையில் எழுந்ததும் காருக்குப் பக்கத்தில் ஒரு கேன் தண்ணீர் கொண்டு வைக்கிறார். நான் எடுத்துச் செடிக்கு ஊற்றுகிறேன். கையில் பாடப்புத்தகம் இருக்கிறது, புத்தியும் இருக்கிறது, ஆனாலும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அழுகை வருகிறது.

உங்கள்
ஜெப்சி


மஸ்கட்,
2 மார்ச் 2025

ஏட்டி ஜெப்சி,

அழாதே. கடிதத்தை நாலு தடவை படித்தேன். வேலையில் மனமே இல்லை. உன் வண்டிச் சத்தம்தான் காதில்.

வெப்பம் உன் பாடம், காற்று என் பிழைப்பு. ஏசி குளிரவில்லை என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு காஸ் குறைச்சல் இல்லை. காற்று போகிற வழியில் இலையோ தூசியோ அடைத்திருக்கும். உன் இன்ஜினுக்கு மேல் மின்விசிறியை மூடி ஒரு தகரக் கூடு இருக்கிறதல்லவா? அதற்குள்தான் காற்று போய் சிலிண்டர்களுக்குப் பிரியும். அதைக் கழற்றினாயா? கழற்றியிருக்க மாட்டாய். மேலாகத் துடைத்துப் பெயின்ட் அடித்திருப்பாய். வருஷக்கணக்காகக் கொட்டகையில் கிடந்த வண்டி. கழற்று. ஜெனரேட்டர் பட்டையை அவிழ்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். சிஜோவை அவசரப்படாமல் பைய தூக்கச் சொல்.

இரவு சாப்பிடும்போது ரூமில் உள்ளவர்களிடம் உன் காரைப் பற்றித்தான் பேச்சு. யாரும் நம்பவில்லை. போட்டோ அனுப்பு.

பெனிஷ்

அப்பாவின் தண்ணீர்க் கேனை எடுக்காதே. வைத்துவிட்டுப் போகட்டும், பாவம்.


தக்கலை,
30 மார்ச் 2025

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் மட்டும் இங்கே இருந்திருந்தால் உங்களைத் தூக்கித் தட்டாமாலை சுற்றியிருப்பேன்!

கூட்டைக் கழற்றினோம். உள்ளே என்ன தெரியுமா? ரப்பர்க்காய்க் கொட்டை! எலி ஒரு தலைமுறைக்குச் சேர்த்துவைத்திருக்கிறது. கொட்டையும் தோடும் சாக்குநாரும் அடைத்து ஒரு மெத்தையே இருந்தது. சிஜோ கை விட்டு அள்ள அள்ள வந்தது. ஒரு முறம் நிறைந்துவிட்டது. மாமா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். திரும்பப் பூட்டி ஸ்டார்ட் செய்தோம். கால்மணி, அரைமணி. அணையவே இல்லை. மாமா எழுந்து இன்ஜின் பக்கம் கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். "பெனிஷ் சொன்னானா? அவன் சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்றார். இத்தனை மாசமாக நான் சொன்னது கணக்கில் இல்லை!

வீட்டு முற்றத்தில் தென்னைமரங்களைச் சுற்றி ஓட்டிப் பழகுகிறேன். பக்கத்து அரண்மனையைப் பார்க்க வருகிற டூரிஸ்ட்கள் கேட்டில் நின்று படம் எடுக்கிறார்கள். பிள்ளைகள் 'ஆமைக் கார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் கேட்டைத் தாண்டி ஒருவரையும் ஏற்றிப் போகமாட்டேன். நேசம்மாள் அக்கா கேட்டாயிற்று, ஹெட்மாஸ்டர் கேட்டாயிற்று. மாட்டேன். முதல் ஓட்டம் உங்களுக்கு. எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. சீட் காலியாக இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

உங்கள்
ஜெப்சி


மஸ்கட்,
24 ஆகஸ்ட் 2025

அன்பு ஜெப்சிக்கு,

போட்டோவை ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மஞ்சள் நான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது. சீட்டுக்குக் காப்பிநிறத் துணி இங்கே கடைகடையாக ஏறி வாங்கினேன். லீமா கொண்டுவருவாள். பின்சீட்டுக்கு அடியில் சின்னதாக ஏசி வைக்க ஒரு படம் வரைந்திருக்கிறேன். உடனே முகத்தைச் சுளிக்காதே. இன்ஜினுக்குப் பாரமாகாது, கணக்குப் போட்டுவிட்டேன். காற்றில் ஓடுகிற வண்டிக்கு ஏசி எதற்கு என்பாய். நாகர்கோவில் டிராபிக்கில் மே மாசம் நின்று பார், அப்புறம் பேசு.

கான்ட்ராக்ட் தாள் மேசைமேல் வந்து கிடக்கிறது. அக்டோபருக்குள் கொடுக்க வேண்டும். இன்னும் பேனாவைத் திறக்கவில்லை. வேறொன்றும் கேட்காதே.

அந்த சீட்டில் ஒருவரும் உட்காரவில்லையே?

உன்
பெனிஷ்


தக்கலை,
6 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

மாமா சுகம். நான் சுகமில்லை. ஒரு காரியம் செய்துவிட்டேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

போன மாசக் கடைசி ஞாயிறு, வரப்போகிற அறுப்பின் பண்டிகைக்கு யார் யார் முதற்பலனாக என்ன கொண்டுவருகிறீர்கள் என்று கோயிலில் கேட்டார்கள். ஒருவர் எழுந்து தன் தோட்டத்தின் முதல் செந்துளுவன் வாழைக்குலை என்றார். ஒருத்தி கோழி இட்ட முதல் முட்டை என்றாள். நமக்கு நிலமா, தோட்டமா? வருஷாவருஷம் சந்தையில் குலை வாங்கிக்கொண்டு போய், நானே விளைவித்தது போல வைத்துவிட்டுக் கூச்சத்தோடு வருகிறவள் நான். இந்த வருஷம்தான் என் கையால் ஒன்று விளைந்திருக்கிறது. ஆவேசம் வந்தது போல எழுந்தேன். "எங்க காருக்க முதல் ஓட்டம்!" என்றேன். கோயில் முழுக்கக் கைதட்டல். உட்கார்ந்த பிறகுதான் உங்கள் முகம் ஞாபகம் வந்தது. தேவனுக்கு என்று வாய்விட்டுச் சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது?

நேற்று பண்டிகை முடிந்ததும், வந்த காணிக்கைகளை வழக்கம்போல ஏலம் விட்டார்கள். மட்டிக்குலைகளும் கோழிகளும் போன பிறகு ஓட்டத்தை விட்டார்கள். ரப்பர் வியாபாரி ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப்போக வேண்டும் என்று கேட்டார். நம் சிஜோ காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எதிர்த்துக் கேட்கிறான்! அவர் ஏற்ற இவன் ஏற்ற, இவனுக்கு என்ன வீம்போ. கடைசியில் வியாபாரி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் வெளியே பிடித்து, "ஏலே, உனக்கு என்னத்துக்குடே இது? உன் அண்ணனுக்கு வச்ச சீட்டாக்கும்" என்று திட்டினேன். வெட்கமில்லாமல் சிரிக்கிறான். "நான் ஏறமாட்டேன் மதினி. பார்ட்டி வரட்டு" என்கிறான். யாருக்கு விற்கப்போகிறானோ!

இந்தக் காரை உங்களுக்காகத்தான் செய்தேன் அத்தான். இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஓடுகிற வண்டி ஒன்று முற்றத்தில் நின்றால் நீங்கள் வருவீர்கள் என்று நினைத்தேன். கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடுவதானால் போடுங்கள், என்னால் இனி சண்டை போட முடியாது. ஆனால் நான் வாக்குத் தவறியதைக் காரணமாக வைத்துப் போடாதீர்கள்.

ஜெப்சி


மஸ்கட்,
14 அக்டோபர் 2025

ஏட்டி ஜெப்சி,

இதைக் கூரியரில் போடுகிறேன். ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது.

நீ கோயிலில் எழுந்து சொன்ன அன்றைக்கே அப்பா எனக்குப் போனில் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கென்று வைத்திருந்த ஒரே ஒரு சீட்டையும் கொடுத்துவிட்டாளே என்று அவ்வளவு ஆத்திரம். கான்ட்ராக்ட் தாளை எடுத்துப் பேனாவையும் திறந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒரு சீட்டு போனதற்கு இவ்வளவு நோகிறதே, இத்தனை வருஷமாக அந்த வீட்டில் என் இடம் காலியாகக் கிடந்து உனக்கு எப்படி நொந்திருக்கும்! பேனாவை மூடிவிட்டுச் சிஜோவைக் கூப்பிட்டேன்.

ஆமாம், பார்ட்டி நான்தான். ஏலம் நடக்கும்போது இங்கே ஒரு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். காதில் சிஜோ. "அண்ணே, அவரு ஏத்துறாரு" என்கிறான். "விடாதலே, ஏத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று போர்மேன் ஓடிவந்தார். சிஜோவைத் திட்டாதே. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியது நான்.

தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிஜோ பட்டறையோடு சேர்த்து ஏசி வேலை தொடங்கலாம் என்கிறான். ஓடுமா ஓடாதா, தெரியாது. பயம் இருக்கிறது. தெருவில் கேட்பார்கள், "எப்பம் திரும்பப் போற?" என்று. கேட்கட்டும்.

இனி ஏலம் எடுத்தவனின் உரிமை. ஓட்டம் எங்கிருந்து எங்கே என்று நான்தான் சொல்வேன். நவம்பர் முதல் தேதி, சனிக்கிழமை காலை, திருவனந்தபுரம் விமான நிலையம். அங்கிருந்து வீட்டுக்கு. நீ அங்கே தனியாக ஓட்டி வருவது வெறும் சோதனை, ஆள் ஏறினால்தான் ஓட்டம். நீயே ஓட்டு. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாய் திறக்காமல் வருகிறேன். களியக்காவிளை எல்லை தாண்டும்வரை.

பெட்டிகள் நிறைய இருக்கின்றன. இந்தத் தடவை இங்கே எதையும் விட்டுவைக்கவில்லை. கார் கூரையில் கட்ட நல்ல கயிறாக எடுத்துக்கொண்டு வா.

உன்
பெனிஷ்