நிறுக்காத பிள்ளை

12.10.1999
பிள்ளைகளின் நிறை பார்க்க வந்த அதிகாரி பெனடிக்ற் சேரின் சப்பாத்தில் சேறு படக் கூடாதாம். அதனால் றோட்டோரத்து இரண்டு வரிசைக் கொட்டில்களிலேயே அறுபது பிள்ளைகளை நிறுத்து முடித்தோம். நான் தராசு பிடித்தேன், அவர் எழுதினார். இந்த அகதி முகாமில் சின்னப் பிள்ளைகள் மட்டும் தொள்ளாயிரம். முன்வரிசை ஆட்கள் ஆமியிடம் பாஸ் எடுத்துக் கடலுக்குப் போகிறவர்கள். அவர்களின் பிள்ளைகள் மீன் தின்கிறார்கள். மெலிந்தவை மூன்றே மூன்று.

"அப்ப சத்துமா தேவையில்லை எண்டு எழுதலாம்" என்றார்.

என்ன மனுசன் இவர்?

13.10
நித்திரையில்லை. அறுபதை வைத்துத் தொள்ளாயிரத்தின் கதையை எப்படிச் சொல்வது? எல்லாரையும் நிறுப்போம் என்றேன். "மூண்டு கிழமை வேணும் பிள்ளை. வெள்ளிக்கிழமை அறிக்கை போகோணும்."

பின்னேரம் எங்கள் ஊர் வங்காலையில் கருவாடு விற்றது ஞாபகம் வந்தது. சாக்கின் மேலே பெரிய கட்டா மீன்களை அடுக்கி, உடைசலை அடியில் போடுவோம். வியாபாரி அம்புறோஸ் சாக்கைக் கொட்ட மாட்டார். முழங்கை வரை கையை விட்டு மேலே, நடுவில், அடியில் என்று ஆறு துண்டு இழுப்பார். அவர் சொல்லும் விலை சரியாகவே இருக்கும். வயிறு எரியும் எங்களுக்கு.

அறுபது போதும். இவர் மேலடுக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்!

14.10
முகாமுக்குப் பொறுப்பான சிஸ்ரர் செலீனாவிடம் போய்ச் சொன்னேன். சேருக்கு முகம் கறுத்தது. "நீர் எனக்குப் படிப்பிக்கிறீரோ?" படிப்பித்தால் என்ன?

தொள்ளாயிரம் பிள்ளைகளின் இலக்கங்களையும் துண்டுகளில் எழுதி, கோயில் திருநாள் லொத்தர்ச் சீட்டுக் குலுக்கும் தகரத்தில் போட்டுக் குலுக்கி, சிஸ்ரர் அறுபது எடுத்தா. சேற்றுக்குள் இறங்கி நிறுத்தோம்.

கடைசி வரிசை ராக்கம்மாவின் மகள் வெறும் எலும்பு. அவளின் இலக்கம் வரவில்லை. "எம் புள்ளய மட்டும் ஏம்மா விட்டீங்க?"

இந்த ஒன்றையாவது சேர்ப்போம் என்று சேரிடம் கெஞ்சினேன். "நான் கொழுத்ததைத் தெரிஞ்செடுத்தன், நீர் மெலிஞ்சதைத் தெரிஞ்செடுக்கிறீர். ரெண்டும் ஒண்டுதான்."

சரியான பதில். அதை இந்த வாயிலிருந்தா நான் கேட்க வேண்டும்?

15.10
அறுபதில் பதினேழு மெலிவு. சேர் கையெழுத்து வைத்தார்.

20.11
மா வந்தது. எல்லாச் சின்னப் பிள்ளைகளுக்கும்.

ராக்கம்மா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். ஒரு மாதமாக என்னோடு கதைக்கவில்லை. இரண்டு பை கொடுத்தேன்.

"அந்த அறிக்கையில உங்கட பிள்ளையும் இருக்கு அக்கா" என்றேன்.

"எந்த எடத்துலம்மா?"

அதற்குள் மகள் பையைக் கடித்து ஓட்டை போட்டு, மாவை நக்கத் தொடங்கியிருந்தாள்.