ஏழு விதை குறைகிறது

வியாழக்கிழமை, பகல் மூன்று மணி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நானும் சில்வண்டும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நம் மகள் இப்போது துணி வெட்டும் மேசைக்கடியில் தூங்குகிறாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். போனில் சொல்லத் தைரியம் இல்லை. என் குரலைக் கேட்டாலே நர்ஸ் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அங்கிருந்து கிளம்பிவிடுவாய்.

மொட்டைமாடியில் தக்காளி போடச் சொன்னது நீ. கடைப் பழத்தைப் பிழிந்து விதைத்தாலே போதும் என்றதும் நீதான். எனக்குத்தான் எதிலும் பேராசை. விதைக்கடைக்காரர் இரண்டு ஹைபிரிட் பாக்கெட்டை எடுத்துப் போட்டார். ஒன்று குட்டை ரகம், ஒரேயடியாகக் காய்த்து ஓய்ந்துவிடும். இன்னொன்று கம்பு நட்டால் கொடிபோல் ஏறும், மாதக்கணக்கில் பறிக்கலாம், இலைச்சுருட்டை நோயும் சுலபத்தில் அண்டாதாம். "தொட்டியில வச்சாலும் கொத்துக் கொத்தா தொங்கும் சார், அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடுக்கலாம்" என்றார். நீ லீவில் வரும்போது மாடியே சிவந்து கிடக்க வேண்டும் என்று ஏறும் ரகத்தையே வாங்கினேன். ஐம்பது விதை. பூஞ்சாணம் பிடிக்காமலிருக்க மருந்து தடவியதால் ஒவ்வொன்றும் ரோஸ் நிறத்தில் இருந்தது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லித்தான் கொடுத்தார்.

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். இன்று காலை நாற்று விடும் குழித்தட்டில் ஒரு குழிக்கு ஒரு விதை என்று போட உட்கார்ந்தேன். விதையைக் கொட்டி வைக்க எதை எடுத்தேன் தெரியுமா? பட்டன் டப்பாவின் மூடியை. நான் தைக்கும்போது பெடலில் கை வைக்காமல் இருக்க, சில்வண்டுக்குத் தினமும் பொடி மிட்டாய் போட்டுக் கொடுப்பேனே, அதே மூடி. சட்டை தைக்க ஒருவர் வந்தார். அளவெடுக்க எழுந்து போனேன். தோளும் கழுத்தும் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? திரும்பி வந்தால் மூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விரலெல்லாம் ரோஸ். உதட்டிலும் ரோஸ்.

அதுவரை முப்பத்திரண்டு குழி போட்டிருந்தேன். மூடியில் பதினெட்டு இருக்க வேண்டும், பதினொன்றுதான் இருந்தது. பாயை உதறினேன், துணிக்கட்டைப் பிரித்தேன், அவள் கவுனைக் கழற்றி உதறினேன். ஏழு விதை இல்லை. தின்னியா என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. ஆமாம் என்று தலையாட்டினாள். வாயைப் பிளந்து விரலை விட்டுத் துழாவினேன். அவள் கடித்த இடம் இன்னும் எரிகிறது.

சட்டைக்காரரே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தார், அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஏழு விதையில் ஒட்டியிருக்கும் மருந்து கொஞ்சம்தான், ஆனாலும் சின்ன உடம்பு, இரண்டு நாள் கண்ணை எடுக்காமல் பாருங்கள் என்றார். வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். நீ இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாய். இது எந்தத் தூக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? சட்டை அளவு தப்பினால் பிரித்துத் தைக்கலாம். எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

இப்போது எழுப்பிப் பார்த்தேன். தண்ணீர் கேட்டாள், குடித்தாள், மறுபடி தூங்குகிறாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவேனா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
நீ நம்பி விட்டுப்போனவன்


திங்கட்கிழமை, பதினோரு நாள் கழித்து

என் அன்புக்கு,

முதலில் இதைப் படி. சில்வண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதோடு இருக்கும் பழைய தாளை அப்புறம் படித்துக்கொள். போன ஞாயிறும் நேற்றும் நீ போன் பண்ணினபோது எல்லாம் சரி என்றேனே, அது பாதி பொய்.

டாக்டரம்மா சொன்ன இரண்டு நாளும் தாண்டிவிட்டது. வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் அந்த ஏழு எங்கே போனது என்று எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. இன்று காலை குழித்தட்டைப் பார்க்கிறேன், நான் விதைக்காத ஓரக் குழி ஒன்றில் ஒரு கொத்தாக முளை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. எண்ணினேன். ஆறு. மண்ணைக் கிளறினால் முளைக்காத ஒன்று, ரோஸ் நிறம் பாதி போய்க் கிடந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா செய்வதைப் பார்த்து அவளும் விதைத்திருக்கிறாள், பெண்ணே. அந்தக் கையை வாயில் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். பின்னே தின்றேன் என்று ஏன் தலையாட்டினாள்? நான் கத்திய கத்தலுக்கு எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பாள்.

இப்போது என் பயம் வேறு. அன்றிலிருந்து நான் சோறு ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு அத்தை ஊட்டினால் சாப்பிடுகிறாள். நான் மெஷினை நிறுத்தி எழுந்தாலே போதும், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். நாற்றைக் காட்டி, இது நீ போட்டதுடா கண்ணு, நல்லா வந்திருக்கு பாரு என்று கொஞ்சிப் பார்த்தேன். "நான் போடல, நான் போடல" என்று அழுதாள். மூன்றரை வயதில் அவள் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது என்னிடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னைத் திட்டு, வாய் வலிக்கத் திட்டு. திட்டி முடித்ததும் அவளைக் கூப்பிட்டு, அந்த ஓரக் குழியில் விதை போட்டது யார் என்று நீயே கேள். உன்னிடம் சொல்லிவிடுவாள். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்