இறகைக் கொண்டுபோனவர்

அன்ரி,

இன்று நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில் ஓர் அறையைத் திறந்து வைத்தார்கள். கனடாவின் பூர்வகுடி மக்களுக்கான குணப்படுத்தும் அறையாம். சடங்குக்குச் சேஜ் மூலிகை இலையைக் கொளுத்திப் புகை காட்ட ஒரு மூலை தாருங்கள் என்று நீங்கள் வருடக்கணக்காகக் கேட்டு, கடைசிவரை கார் நிறுத்துமிடத்தில் குளிரில் நின்று புகைத்தீர்களே, அந்த அறை. இப்போதும் அங்கே புகைக்க முடியாது, தீ எச்சரிக்கை மணி அடித்துவிடுமாம். அதற்குப் பதிலாக மின்சாரத்தில் வாசனை விடும் ஒரு குப்பியைச் சுவரில் செருகியிருக்கிறார்கள். கழிப்பறைக்கு வாங்குவோமே, அதே சாமான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே கழுகு இறகு. உங்களுடையது அல்ல, அதை உங்கள் மகள் வடக்குக்குக் கொண்டுபோய்விட்டாள். இது நீதி அமைச்சு தேடிப் பிடித்த இறகு. வான்கோழி என்றுதான் எனக்குப் படுகிறது. கீழே 'தொட வேண்டாம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் உங்கள் பூர்வகுடிச் சனத்தின் வழக்குகளில் அவர்களோடு கூட நின்ற பணியாளர். கன்ரீனில் யாரோ என்னை அன்ரி என்று கூப்பிட்டதைக் கேட்டு, எங்கள் ஆட்களும் இப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சிரித்தீர்கள். அன்றுமுதல் நீங்களும் நானும் ஒருவருக்கொருவர் அன்ரி. நீங்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இப்போது நினைவில் கேட்கும்போது யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் போலவே பேசுகிறீர்கள். அதைத் திருத்த எனக்கு மனமில்லை.

"ஏசுறதெண்டா உங்கட பாஷையிலை ஏசுங்கோ. அமைச்சிலை ஒருத்தருக்கும் விளங்காது" என்பீர்கள். அமைச்சில் எங்கள் ஆள் ஒருவர் இருப்பதை வசதியாக மறந்துவிடுவீர்கள். அஜக்ஸில் பெரிய வீடு, இங்கே பிறந்து வளர்ந்தவர், என்றாலும் தமிழ் பேசுவார். நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். உங்கள் மக்களின் நீதித் திட்டங்களுக்கு அவர்தான் பொறுப்பு. இந்த நிலத்தின் மூத்த குடிகளுக்கு நன்றி என்று கூட்டம் தொடங்குமுன் அவர் சொல்லும் அழகைப் பார்த்தால், நிலத்தையே திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று நினைக்கத் தோன்றும்.

அந்தப் பிள்ளையின் வட்டம் நடந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் சனத்து இளம் பெண், ஸ்காபரோவில் ஒரு தமிழர் கடையில் களவெடுத்து, தடுக்க வந்த முதலாளியைத் தள்ளிவிட்டவள். அவருக்குக் கை முறிந்துபோனது. நீதிபதி, அரச வழக்கறிஞர், கடைக்காரர், அவள் என்று எல்லோரும் வட்டமாக இருந்து பேசியபிறகுதான் தண்டனையைத் தீர்மானிப்பது என்று ஏற்பாடு. கடைக்காரருக்காக நான் அங்கே இருந்தேன். மறுநாள் நிதியாண்டு மாறுகிறது, அமைச்சு பணம் ஒதுக்கிய வட்டம் அன்றோடு சரி. அன்று முடியாவிட்டால் வழக்கு பழைய வழியில் போகும், அவள் சிறைக்குப் போவாள். அவளுடைய மூன்று வயது மகளைச் சிறுவர் காப்பகம் கொண்டுபோகும். அவளையும் அந்த வயதில் அப்படித்தான் கொண்டுபோனார்களாம்.

இறகு யார் கையில் இருக்கிறதோ அவர் பேசுவார், மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. அதுதான் உங்கள் முறை. நீதிபதி பேசி முடித்து, உங்கள் இறகை அமைச்சின் சார்பில் வந்திருந்த எங்கள் தம்பியிடம் கொடுத்தார். தம்பி நல்லிணக்கத்தைப் பற்றி நீட்டி முழக்கினார். இந்தக் கௌரவத்துக்குத் தான் தகுதியற்றவன் என்றார். பிறகு இறகைக் கோட்டுக்குள் வைத்து, எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போய்விட்டார். எங்கள் விழாக்களில் பிரதம விருந்தினர் பொன்னாடையை வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு முன்னரே நழுவுவார். பாவம், அவர் அதைத்தான் பழகியிருந்தார்.

நீதிபதி மணிக்கூட்டைப் பார்த்தார். அரச வழக்கறிஞர் ஒரு பேனையை எடுத்து நீட்டி, இதை வைத்துத் தொடரலாமே என்று முணுமுணுத்தார். நீங்கள் அந்தப் பேனையைப் பார்த்த பார்வையில் அவர் அதைச் சட்டைப்பைக்குள்ளேயே திரும்ப வைத்தார். பிறகு என்னிடம் குனிந்து, "உங்கட ஆளைக் கூப்பிடுங்கோ" என்றீர்கள்.

வெளியே போய்த் தம்பியைப் போனில் அழைத்தேன். "அன்ரி, நான் 401 ஹைவேயிலை நிக்கிறன், சரியான ட்ராஃபிக். அது எனக்குத் தந்த கிஃப்ட் எல்லோ?"

"கிஃப்ட் இல்லைத் தம்பி. அது வந்தால்தான் மற்ற ஆக்கள் கதைக்கலாம்."

"அது சும்மா சிம்பாலிக் தானே. நீங்கள் நடத்துங்கோவன்."

அதை வந்து உங்களிடம் சொன்னேன். "இறகு அவரிட்டை எண்டா இன்னும் அவர்தான் கதைச்சுக்கொண்டிருக்கிறார் எண்டு சொல்லுங்கோ. அவர் முடிக்குமட்டும் நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறம், நீதிபதியும் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றீர்கள். அதை அப்படியே போனில் சொன்னேன், நீதிபதி என்ற சொல்லோடு தம்பியின் கார் திரும்பிவிட்டது. அவர் வந்து சேரும்வரை அத்தனை படித்த மனிதர்களும் ஒரு சொல் பேசாமல் இருந்தார்கள். இந்த நாட்டின் நீதித்துறை உங்கள் சனத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நேரம் போகிறதே, அவளுக்காக நீங்களே இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "பிறந்ததிலிருந்து எல்லாரும் அவளுக்காகத்தான் கதைக்கினம்" என்றீர்கள்.

இறகு வந்தது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு கடைக்காரரைப் பார்த்துப் பேசினாள். அவள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும், அது எங்கள் தொழில் விதி. "என்னை ஏழு வளர்ப்பு வீட்டிலை விட்டவை. வந்து கூட்டிக்கொண்டு போறம் எண்டு சொன்ன ஒருத்தரும் சொன்ன நேரத்துக்கு வரேல்லை. நான் செய்தது பிழை. உங்கட கையை நினைச்சால் நித்திரை வராது. ஆனால் பின்னேரம் மகள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிப்பாள். நான் போய் நிக்கவேணும்." என் குரல் இடையில் உடைந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு அது ஆகாது.

கடைக்காரர் இறகை வாங்கி, பிளாஸ்டர் போட்ட கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு இந்தப் பிள்ளையிலை கோவம் போகேல்லை. கடைப்பக்கம் வரவேண்டாம். ஆனால் தாயையும் பிள்ளையையும் பிரிக்கிற பாவம் எனக்கு வேண்டாம்."

நீதிபதி சிறை வேண்டாம் என்றார், அவள் வீட்டுக்குப் போனாள். அமைச்சின் அறிக்கையில் 'பங்குபற்றியவர் வருத்தம் தெரிவித்தார். நேர முகாமைத்துவம் போதாது' என்று எழுதியிருந்ததை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அதற்குப்பிறகு வட்டங்களுக்குப் பணம் வரவில்லை. தம்பிக்குப் பதவி உயர்வு வந்தது. போன பனிக்காலத்தில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். உங்கள் கதிரைக்கு இன்னும் ஒருவரையும் எடுக்கவில்லை. அதற்கும் பணம் இல்லையாம், கண்ணாடிப் பெட்டிக்கு இருந்திருக்கிறது. வழக்கு முடிந்ததும் கேட்டதை மறந்துவிட வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறக்கவில்லை. உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட இந்த எரிச்சலும் அப்படியே இருக்கிறது.

இன்று தம்பி உரையாற்றினார். ஒரு புனித இறகுக்காக நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி வந்தவன் நான் என்றார். சபை எழுந்து நின்று கைதட்டியது. நான் எழும்பவில்லை. முன்வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது, அந்தப் பிள்ளையின் பெயர் ஒட்டியிருந்தது. கேக் வெட்டியபிறகு தம்பி என்னிடம் வந்தார்.

"அன்ரி, உந்தப் பிள்ளை ஏன் வரேல்லை? வீடியோ எடுக்கிறவங்கள் கேக்கிறாங்கள். அவதானே எங்கட சக்ஸஸ் ஸ்ரோரி."

"மூண்டரைக்கு மகளின்ர பள்ளிக்கூடம் விடும்" என்றேன்.

"ஒரு நாளைக்கு வேறை ஆரையும் விட்டுக் கூட்டிக்கொண்டு வரேலாதோ?"

"ஏலாது, தம்பி."