கூரையைப் பார்த்துச் சொன்ன பதில்

மதினி,

மழையில் நனைந்த படங்கு அடுப்போரம் காயும் வாடை இன்று வீடெல்லாம் நிறைந்திருக்கிறது. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது என் மகள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் முரட்டுத் துணிதான். அப்படியொன்றை உங்களுக்கு அடியில் விரித்து, நானும் அண்ணனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உங்களைப் புரட்டிப் படுக்கவைத்த நாட்கள் கண்முன் வந்து நின்றன. அதற்குள் சோறு அடிபிடித்துவிட்டது. உங்களைத்தான் திட்டினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் தலவாக்கலைப் பக்கத்து மலைகளில் உங்கள் கை வேகத்துக்கு யாரும் ஈடுகொடுத்ததில்லை. அந்தக் கைதான் முதலில் சோர்ந்தது. பிறகு கால், பிறகு நாக்கு. நரம்பு நோய், குணமாக்க மருந்தில்லை என்று கண்டியில் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

பேச்சு நின்றதும் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் உங்களிடம் கத்திப் பேசத் தொடங்கினோம். வாய் போனால் காதும் போய்விடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்களோ! பார்க்க வந்தவர்கள் உங்கள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, சாவுப் பந்தல் எங்கே போடுவது என்றுகூடப் பேசினார்கள். தோட்டத்து மிட்வைஃப் அம்மாதான் ஒருநாள் அதட்டினார்.

"காது நல்லாத்தான் கேக்குது. இனி எதுன்னாலும் அவங்ககிட்டயே கேளுங்க. ஆமான்னா கண்ண மூடட்டும், இல்லன்னா கூரையப் பாக்கட்டும்."

தேநீர்க் கோப்பையோடு நான் முந்திக்கொண்டேன். "மதினி, நான் ஊத்துற சாயத்தண்ணி நல்லாருக்கா?"

நீங்கள் தகரக் கூரையையே வெறித்துப் பார்த்தீர்கள். பல மாதங்களுக்குப் பிறகு அண்ணன் அன்றுதான் சிரித்தார். என் வாயாடி மதினி திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விழுங்க முடியாமல் போனபோது அந்தச் சிரிப்பும் அடங்கியது. கண்டிக்குக் கொண்டுவந்தால் வயிற்றில் குழாய் போடலாம், நோய் நிற்காது, கொஞ்ச காலம் கூடுதலாகக் கிடைக்கலாம் என்றார்கள். அண்ணன் உங்களிடம் கேட்டார். கூரையைப் பார்த்தீர்கள். கெஞ்சிக் கேட்டார். மறுபடியும் கூரைதான். மறுநாள் காலையில் அவர் யாரிடமும் சொல்லாமல் வேன் பிடித்து வந்துவிட்டார்.

நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"பட்டினி போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்று பாய்ந்தார்.

"அவங்க வேணாங்கிறாங்கண்ணே. கேட்டுட்டு, கேக்காத மாதிரி தூக்கிட்டுப் போகாதீங்க."

அவர் உங்களைத் திரும்பிப் பார்த்தார். அப்போது நீங்கள் கூரையைப் பார்க்கவில்லை. அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வேனை அனுப்பிவிட்டு வந்து, உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அதன்பின் மிட்வைஃப் அம்மா காட்டித்தந்தபடி, சாயத்தண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியால் உங்கள் உதட்டைத் தடவுவேன். சீனி கூடப் போடவா என்றால் உடனே கண்ணை மூடுவீர்கள். கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் கட்டிலோரம் நின்று, கங்காணி யாரைத் திட்டினார், எந்த வீட்டில் சண்டை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போவார்கள். உங்கள் கண் சிரிக்கும். ஒரு மழை நாள் பிற்பகலில், அண்ணன் மடியில் தலை வைத்தபடி அமைதியாகப் போய்விட்டீர்கள்.

அண்ணனுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. குழாய் போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாள் என்று இப்போதும் சொல்கிறார். இருந்திருப்பீர்கள்தான். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. அன்று வாசலில் நின்றதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நாள் எனக்கும் வேண்டியிருந்தது, மதினி.