படத்திடம் வழி கேட்டவள்

பிரியமுள்ள மாடித் தங்கச்சிக்கு, கீழ்வீட்டு அண்ணன் சொல்லி எழுத வைப்பது. இங்கே நான் நலம். மூட்டு மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே மழையைச் சொல்லிவிடுகிறது. நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியம்தானே?

ஆற்றுப்பாலத்தில் விரிசல் கண்டு லாரிகளையெல்லாம் நிறுத்திவைத்தார்களே, அந்த வருஷம். தொலைபேசிக் கம்பி புதைக்கிறோம் என்று தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு மூட ஆளே வராமல் போனதும் அதே வருஷம்தான். எங்கள் மூத்தவனுக்கு மஞ்சள் காமாலை வந்து கண் இரண்டும் எலுமிச்சம்பழமாக இருந்தது. அப்போதுதான் நீ ஒரு பெட்டியும் ஒரு கம்ப்யூட்டருமாக, தோண்டிய பள்ளத்தைத் தாண்டிக் குதித்து எங்கள் மாடிக்குக் குடிவந்தாய். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் எது எந்த வருஷம் என்பதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

உன் கடிதத்தை எதிர்க்கடை மருந்துக்காரர் இரண்டு தடவை படித்துச் சொன்னார். இதை எழுதுகிறவரும் அவர்தான். டாக்டர்கள் கையெழுத்தைப் படித்துப் படித்து அவர் கையெழுத்தும் அப்படியே ஆகிவிட்டது, பொறுத்துக்கொள். நான் சொல்வதைச் சொன்னபடி எழுதவேண்டும், நடுவில் அழகுபடுத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இந்த வரியை எழுதும்போது முறைத்தார்.

அங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் புது போர்ட்டல் கட்டும் பொறுப்பை உன் தலையில் வைத்திருக்கிறார்கள் என்றும், பெரிய மனிதர்களின் படம்தான் முதலில் வரவேண்டும் என்று கமிட்டி பிடிவாதம் பிடிக்கிறது என்றும் எழுதியிருந்தாய். ஜனங்களை அதன்முன் உட்கார வைத்து ஓட்டிப் பார்க்க நேரமில்லை, ஆபீசில் எல்லாரும் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள் என்கிறார்களாம். இந்த வயதில் இவர்களோடு மல்லுக்கட்ட முடியவில்லை, விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த 'எல்லாரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்' என்ற இடத்தில் மருந்துக்காரரை நிறுத்தச் சொன்னேன். அதைப் பற்றி உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. என் வீட்டுக்காரி, அதான் நீ அக்கா என்று கூப்பிட்டவள், இருந்தவரை சொல்ல விடவில்லை. அவள் போய் வருஷம் திரும்பிவிட்டது. இனி என்னோடு பேசாமல் இருந்து பழிவாங்க அவளால் முடியாது.

அப்போது நான் பல்கலைக்கழக வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு பார்த்தேன். உன் அக்கா மாணவியர் விடுதிச் சமையற்கட்டில் இருந்தாள். பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள். சாயங்கால வகுப்பில் சேர்ந்து கணக்குப் படிப்புப் படிக்கவேண்டும் என்று அவளுக்கு ஒரே குறி. ஆபீசுக்குப் போனால் இந்த ஜன்னலில் அந்த ஜன்னலைக் காட்டுவார்கள், அந்த ஜன்னலில் சாப்பாட்டு நேரம் என்பார்கள். அதற்குள் இவளுக்கு அடுப்படி நேரம் வந்துவிடும். அப்படியே இரண்டு வருஷம் போயிற்று. வயது கூடினவர்களுக்கு இருந்த சலுகையும் அந்த வருஷத்தோடு முடிகிறது என்று அறிவித்துவிட்டார்கள். அதை விட்டால் இல்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போர்ட்டல் கட்ட நீ வந்தாய். போர்ட்டல் என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு, "ஆபீசுக்கு வராமலே ஆபீசு வேலை முடியணும் அண்ணே, அவ்வளவுதான்" என்றாய். அப்படின்னா ஆபீசுல இருக்கிறவங்களுக்கு என்ன வேலை என்றேன். "அதை மட்டும் அவங்க காதுல போட்டுடாதீங்க" என்று சிரித்தாய். உன் அக்கா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து உன் மாடிப்படியை அவள்தான் தினம் பெருக்கினாள்.

வேலை பாதி முடிந்ததும் தெருக்காரர்களை மாடிக்கு வரச் சொல்லிக் காட்டினாய். தையல்காரம்மா வந்தாள், இஸ்திரிக்காரர் வந்தார், பால்காரர் கேனை வாசலில் வைத்துவிட்டு வந்தார். ஒருத்தர் பாக்கியில்லாமல் சூப்பர் என்றார்கள். இஸ்திரிக்காரர் கலர் பிரமாதம் என்றார். கீழே இறங்கி வந்து என்னிடம், "ஒண்ணும் புரியல சாமி, ஆனா நம்ம தெருப் பொண்ணு செஞ்சதை நாமளே நொட்டை சொன்னா வெளியாளு மதிப்பானா?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

உன் அக்காவும் உட்கார்ந்தாள். கேட்டதையெல்லாம் டக்டக்கென்று எடுத்துக் காட்டினாள். நீ பூரித்துப்போய் அவளைக் கட்டிக்கொண்டாய். எப்படி எடுத்தாள் தெரியுமா? நீ கம்ப்யூட்டருக்குப் பக்கவாட்டில், அவள் முகத்துக்கு எதிரே எட்டிப் பார்த்து நின்றாய். அவள் கம்ப்யூட்டரில் அந்த அம்புக்குறியை எங்கே கொண்டுபோகிறாளோ அங்கே உன் கண்ணும் போயிற்று. தப்பான இடத்துக்குப் போனால் உன் புருவம் சுருங்கிற்று, சரியான இடத்துக்கு வந்தால் விரிந்தது. அவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை, உன் முகத்தைப் பார்த்தே வழி கண்டுபிடித்தாள். இதை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

உன் போர்ட்டலில் விண்ணப்பம் திறந்தார்கள். மார்க்கெட் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டருக்கு வேலை முடிந்து தனியாகப் போனாள். போட்டாச்சா என்றேன். ஆச்சு ஆச்சு என்றாள். மறுநாளும் போனாள். போட்டாச்சுன்னா எதுக்குப் போறே என்றேன். "சும்மா பாத்துட்டு வரேன், உங்களுக்கு என்ன" என்று வெடுக்கென்று விழுந்தாள். கடைசியில் அந்த சென்டர்காரர் ஸ்டாண்டில் சைக்கிள் விட வந்தவர், "உங்க வீட்டம்மா வந்து அரை மணி நேரம் கம்ப்யூட்டர்ல பெரிய ஆபீசருங்க படத்தையே பாத்துட்டுப் போறாங்களே, ஏதாச்சும் வேண்டுதலா?" என்று கேட்டார். அவள் விண்ணப்பமே போடவில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் கேட்டேன். அழுதாள். அவள் அழுது நீ பார்த்ததில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுவாள். "எனக்குத்தான் மண்டையில ஏறல. அந்தப் பொண்ணு கண்ணு வீங்க வீங்க வேலை பாத்திருக்கு. நான் போயி இது சரியில்லைன்னா அது வேலை என்ன ஆகும்? நீங்க மாடிக்குப் போய் உளறினீங்கன்னா உங்ககூட நான் பேசவே மாட்டேன், பாத்துக்குங்க" என்றாள். மறுநாள் காலை நீ படியிறங்கி வந்தபோது, "உன் அக்கா விண்ணப்பம் போடறதை ஒருதரம் பின்னாடி நின்னு பாரேன், முன்னாடி நிக்காதே" என்று மட்டும் நான் சொன்னது ஞாபகமிருக்கிறதா? அவ்வளவுதான் உளறினேன். அதற்கே பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வாய் திறக்கமாட்டாள். வீட்டுக்குள் ஒரே ஜாடைதான்.

அடுத்தது நீ அறிந்தது. ஆனாலும் நான் கதவோரம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் தலைவர் ஒட்டடைக்குச்சி, அந்த உயரத்துக்கும் ஒல்லிக்கும் வேறு என்ன பேர் வைப்பது, அவர்தான் நீ சொன்னதைக் கேட்டு உன் மாடிக்கே பதிவாளரையும் கூட்டிவந்தார். எல்லாரும் நாற்காலிக்குப் பின்னால் நிற்கவேண்டும், யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்பது சட்டம். பதிவாளரோ தூக்கத்திலும் உத்தரவு போடுகிற மனுஷர். ஒட்டடைக்குச்சி ஒரு டம்ளர் தண்ணீரை நிரம்ப ஊற்றி அவர் கையில் கொடுத்தார். பேச வாயெடுத்தால் சிந்தும். நல்ல யோசனை.

உன் அக்கா உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் மேலே துணைவேந்தர் படம், பக்கத்தில் பதிவாளர் படம், அதற்குக் கீழே கட்டடம், அதற்கும் கீழே படிப்புகளை இந்தப் புலம் அந்தப் புலம் என்று பிரித்த வரிசை. சாயங்கால வகுப்பு எந்தப் புலத்தில் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அம்பை அங்கேயும் இங்கேயும் கொண்டுபோனாள். பிறகு பதிவாளர் படத்தின்மேல் வைத்து அழுத்தினாள். படம் பெரிதாயிற்று. இன்னொரு தரம் அழுத்தினாள். இன்னும் பெரிதாயிற்று. மூக்கு முடிகூடத் தெரிந்தது. எங்களுக்கெல்லாம் ஆபீஸ் என்றால் அப்படித்தானே பழக்கம். ஜன்னலில் வேலை நடக்காவிட்டால் பெரிய ஆபீசரைப் பார்த்துக் கேட்டுவிடுவது.

பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டாள் போலிருக்கிறது. குனிந்து, மெதுவாக, அந்தப் படத்தைப் பார்த்து, "ஐயா, சாயங்கால வகுப்புக்கு எங்க போகணும்?" என்று கேட்டாள்.

நீ வாயைப் பொத்திக்கொண்டாய். பதிவாளர் கையிலிருந்த தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டிற்று. "அந்த ஆளு பதில் சொல்ல மாட்டான்மா. நான் இங்க பின்னாடிதான் நிக்கிறேன்" என்றார். உன் அக்கா பதறி எழுந்தாள். அவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு ஒட்டடைக்குச்சியைப் பார்த்து, "என் மூஞ்சியைத் தூக்கிடுங்க. அந்த இடத்துல இந்தம்மா கேட்ட கேள்வியைப் போடுங்க" என்றார். துணைவேந்தர் மூஞ்சியை என்ன பண்றது என்று ஒட்டடைக்குச்சி கேட்டார். "அதை நான் போய் பேசிக்கறேன். திட்டு விழுந்தா எனக்கு விழட்டும், உங்களுக்கு வேலை இருக்கு" என்று ஈரச் சட்டையோடு போனார்.

நீ அன்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதது வேலை போய்விடும் என்ற பயத்தில் என்று நினைத்தேன். அக்காதான் திருத்தினாள். "பயமில்லீங்க, அது ரோஷம்" என்றாள். அப்போதும் என்னோடு பேச்சு இல்லை. பக்கத்துச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பிறகு துறைத்தலைவர்கள் எங்கள் துறை எங்கே போயிற்று என்று சண்டைக்கு வந்ததும், நீங்கள் பேருந்து நிறுத்தத்திலும் விடுதி வாசலிலும் முன்பின் தெரியாதவர்களாகப் பார்த்துப் பிடித்து உட்கார வைத்ததும் உனக்கே தெரியும். தெரிந்தவன் எவனும் வேண்டாம் என்று தெருக்காரர்களை நீ திருப்பி அனுப்பியதில் இஸ்திரிக்காரருக்கு ரொம்ப நாள் கோபம். மாட்டிக்கொண்டு முழித்த எல்லாருக்குமாகக் கடைசித் தேதியைத் தள்ளிவைத்தார்கள். முதல் பக்கத்தில் படிக்க வரணும், படிச்சிட்டிருக்கேன், படிச்சு முடிச்சிட்டேன் என்று மூன்றே வாசல். உன் அக்கா அதே சென்டருக்குத் தனியாகப் போனாள். நான் தெருமுனையில் நின்றேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும், "இங்க என்ன நிக்கறீங்க, வீட்டைத் திறந்துபோட்டுட்டா வந்தீங்க?" என்றாள். பேச்சு வந்துவிட்டது.

அவள் படித்து முடித்ததும், சமையற்கட்டை விட்டு விடுதிக் கணக்கு ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்ததும் நீ பார்த்துவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போனாய். அந்த நாற்காலியில் அவளை யார் வந்து எதைக் கேட்டாலும் அடுத்த ஜன்னலைக் காட்டமாட்டாள். எழுந்து கூடப் போவாள். மேலதிகாரி அதற்காகக் கடிந்தும் அவள் கேட்கவில்லை.

மாடியில் இப்போது ஒரு பாங்குக் காவலாளி குடியிருக்கிறார். நல்லவர்தான். குளியலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. மூத்தவன் வந்து பார்க்கிறேன் என்கிறான். அவன் மீசையே நரைத்துவிட்டது, இன்னும் வந்து பார்க்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கம்ப்யூட்டரைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்லமுடியும்? ஒன்று கேட்கிறேன். அந்தக் கமிட்டியில் யாராவது ஒரு ஆளின் கையில் நிரம்பத் தண்ணீரைக் கொடுத்து, உன்னைத் தெரியாத ஒருத்தியை முன்னால் உட்கார வை. அதுவரை விட்டுவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நினைத்தது நடந்து, நீ நிறைந்து வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் கீழ்வீட்டு அண்ணன்.

காகிதத்தை மடிக்கப்போன மருந்துக்காரர், அன்னிக்கு அந்த ரூம்ல இருந்தவங்க இப்ப யார் யார் இருக்காங்க என்று கேட்கிறார். அதையும் எழுதச் சொல்லிவிட்டேன். பதிவாளர் ஓய்வுபெற்ற மறு வருஷம் போனார். அதற்குள் புதுப் பாலம் திறந்திருந்தார்கள். ஒட்டடைக்குச்சி பெரிய புயல் அடித்த வருஷம், நெஞ்சுவலியில். உன் அக்கா போனது உனக்குத் தெரியும். கதவோரம் நின்றவனைக் கணக்கில் சேர்க்கவேண்டாம், அவன் வேடிக்கை பார்த்தவன். உள்ளே இருந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது மாடித் தங்கச்சி நீ ஒருத்திதான்.