உன்னைக் கொன்ற சங்குக்குப் பெயர் வைத்தேன்

என் தேசிங்கண்ணா, கூடப் பிறந்த உயிரே,

உனக்கு ஒரு கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. நமக்குள் எல்லாமே போனில்தான். உன் எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை. போன மாதம் ஒருநாள், கை தவறியோ தெரிந்தோ, அழைத்துவிட்டேன். யாரோ ஒரு பெண் எடுத்தாள். “யாரு வேணும்?” என்றாள். வைத்துவிட்டேன்.

அதனால் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

உனக்கு ஒரு செய்தி இருக்கிறது அண்ணா. உன்னைக் கொன்றதற்குப் பெயர் கிடைத்துவிட்டது.

அன்றைக்கு நான் சென்னையில், கல்லூரி ஆய்வகத்தில் இருந்தேன். கூம்புச் சங்குகளை இன்ன இனம், இன்ன குடும்பம் என்று பிரித்துப் பார்ப்பது என் ஆராய்ச்சி. நம் ஊர் கோட்டைக்குப்பம் முழுக்க “எந் தங்கச்சி நத்தை டாக்டரு” என்று நீ சொல்லிக்கொண்டு திரிவாய். அண்ணியின் போன் வந்தபோது என் கையில் ஒரு வெற்று ஓடு இருந்தது. “பாப்பா, உங்க அண்ணன் போய்ட்டாரு” என்றாள். எங்கே என்று கேட்டேன். மெய்யாகவே அப்படித்தான் கேட்டேன்.

நடந்ததைச் சொன்னவன் ஏழுமலை. அண்ணியின் தம்பி, உன் போட்டில் உன்னோடு கடலுக்கு வருகிறவன். அவனைத் தவிர வேறு யார் பார்த்தார்கள்? ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரம் தாண்டி நண்டு வலையை இழுத்துக்கொண்டிருந்தீர்களாம். நண்டுகளோடு ஒரு சங்கும் வந்ததாம். காலியாக இருக்கிறது என்று நினைத்து நீ அதை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டாயாம்.

“கொஞ்ச நேரம் பொறுத்து, இடுப்புல எறும்பு கட்ச்சா மாதிரி கீதுடான்னாரு. நான் சிரிச்சேன்க்கா. கடல்ல ஏது மாமா எறும்புன்னேன். அப்பறம் உதடு மரத்துகினு வருதுன்னாரு. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னாரு. நான் மோட்டார போட்டு கரைக்கி வுட்டுகினே கீறேன், அவரு பேசிகினே வராரு. அப்பறம் பேச்சே இல்ல. கண்ணு மட்டும் பாதி தொறந்து என்னியே பாக்குது.”

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. உடம்பில் பல் பட்ட தடம் ஒன்றும் இல்லை. கடல்பாம்பு கடித்திருக்கலாம் என்றார்கள் டாக்டர்கள்.

இருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்குள் ஊரே நுழைந்துவிட்டது அண்ணா.

முந்தின நாள் கரையில் நீயும் ஏழுமலையும் போட்ட சண்டையைப் பார்க்காதவர்கள் இல்லை. கடலை விட்டுவிட்டுத் துறைமுக வேலைக்குப் போகிறேன் என்றான். நீ எல்லோர் முன்னாலும் அவனை அறைந்தாய். மறுநாள் இரண்டு பேர் போனார்கள், ஒருத்தன் உயிரோடு வந்தான். “பாம்பாமே? ரெண்டு காலு பாம்பா?” என்று டீக்கடையில் கேட்டார்கள். யாரும் அவனைப் போட்டில் ஏற்றவில்லை. அம்மாவே, “அவந்தான் இன்னாவோ குட்த்துட்டான்” என்று வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். புருஷனுக்கு அழுவதா, தம்பிக்கு அழுவதா என்று தெரியாத அண்ணி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பியோடு ஆரம்பாக்கத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு மட்டும் வேறொன்று தெரிந்திருந்தது. உன்னை எடுத்துப்போன மறுநாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த உன் துணிப்பையை நான் அவிழ்த்தேன். லுங்கி இன்னும் ஈரமாக இருந்தது. மடிப்புக்குள் சங்கு. மெல்லிய ஓடு, அகன்ற வாய், வெள்ளை மேல் தேன் நிறத்தில் வலைக்கண் போலக் கோடுகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நுனியிலிருந்து சிவந்த குழல் ஒன்று மெல்ல வெளியே நீண்டது.

உயிரோடு இருந்தது அண்ணா. நீ இல்லை, அது இருந்தது.

சமையலறை இடுக்கியால் எடுத்து, கடல்தண்ணீர் வாளியில் போட்டு, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு சென்னைக்குக் கொண்டுபோனேன். அதை ஏன் எடுத்தாய்? எனக்குக் கொடுக்கவா? இல்லை, அழகாக இருந்ததே என்றா? இன்றைக்கு வரை இந்தக் கேள்வி என்னோடு சாப்பிட உட்கார்கிறது.

இந்தச் சங்குகள் பெரும்பாலும் புழு தின்னும், சில மற்ற நத்தைகளைத் தின்னும். மிகச் சிலவே மீன் பிடிக்கும். வேகமாக நகரத் தெரியாத பிராணி நீந்துகிற மீனை எப்படிப் பிடிக்கும்? அதன் பல் ஒரு சின்ன ஈட்டி, உள்ளே நஞ்சு. குத்திய கணத்தில் மீன் விறைத்துவிடும். மனிதனுக்கு மூச்சுத் தசை மெல்ல நின்றுபோகும். வலி பெரிதாக இருக்காது என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆய்வகத் தொட்டியில் அது மணலுக்குள் புதைந்து கிடக்கும். நான் அறைக்குள் வந்தால் அந்தச் சிவப்புக் குழல் என் பக்கம் திரும்பும். என் நடையில் தண்ணீர் அதிர்வதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? “இன்னா பாப்பா, சாப்ட்டியா?” என்று நீ கேட்பதுபோல் இருக்கும். சில நாள் பதில்கூடச் சொல்லியிருக்கிறேன். உடன் வேலை செய்கிறவர்கள் என்னைப் பார்க்காததுபோல் இருந்துகொள்வார்கள்.

என் வழிகாட்டிப் பேராசிரியை, நாங்கள் மேடம் என்போம், ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆளைக் கொல்லும் என்று உலகமறிந்த இனம் ஒன்று உண்டு. இது அதற்கு உறவு. ஆனால் அதன் ஓட்டின் தோள்விளிம்பில் முடிச்சு முடிச்சாக இருக்கும், இதற்கு வழவழவென்று இருந்தது. கோடுகளின் போக்கும் வேறு. சங்கின் காலில் துளி சதை கிள்ளி மரபணு பார்த்தோம். அதுவும் ஒத்துப்போகவில்லை.

“இதுக்கு இன்னும் யாரும் பேர் வைக்கலம்மா,” என்றார் மேடம். “நீதான் வைக்கணும்.”

பெயர் வைக்க வேண்டுமென்றால் அதைக் கொல்ல வேண்டும். கொன்று, பதப்படுத்தி, இந்தப் பெயருக்கு உரிய உடல் இதுதான் என்று அருங்காட்சியகத்தில் வைத்தால்தான் உலகம் ஏற்கும். எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். நீ உயிரோடு தொட்ட கடைசிப் பொருள் அது. என்னால் முடியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

அதற்குள் ஆரம்பாக்கத்திலிருந்து அண்ணி போன் செய்தாள். “பாப்பா, தம்பி சரியா துன்றதில்ல, தூங்கறதில்ல. நானே ஏதாவது பண்ணிகினா ஊரு நம்புமான்னு கேக்கறான். எனுக்கு பயமா கீது.”

பெயருக்கு முன்னால் வேறொரு வேலை இருப்பது அப்போதுதான் உறைத்தது. சங்கைச் சின்னக் கண்ணாடித் தொட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு முற்பகலில், கடலோரம் வலை சீர்செய்யும் கொட்டகையில் ஊர் கூடியது. பெரியவர்கள் முன்வரிசையில். அம்மா ஒரு ஓரத்தில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணியும் ஏழுமலையும் வெளியே வெயிலில் நின்றார்கள். அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

ஏரியில் பிடித்த ஒரு மடவை மீன் குஞ்சைத் தொட்டிக்குள் விட்டேன். “இது அண்ணன் மடியில இருந்த சங்கு. பாருங்க” என்றேன்.

“இத்தினிகாணு நத்தையா தேசிங்க சாச்சிது?” என்றது ஒரு குரல். “இன்னா பாப்பா, டமாசு பண்றியா?” என்றது இன்னொன்று.

ஒன்றும் நடக்கவில்லை. மணலுக்குள் அது அசையாமல் கிடந்தது. மீன் சுற்றிச் சுற்றி வந்தது. சிலர் எழுந்து போனார்கள். அண்ணா, அந்த நேரத்தில் நான் உன்னைத்தான் வேண்டிக்கொண்டேன். யாரைக் கொல்லச் சொல்லி யாரை வேண்டினேன், யோசித்துப் பார்.

அம்மா கையூன்றி எழுந்தாள். அப்போது மணல் மெல்லப் பிளந்தது. சிவப்புக் குழல் மேலே வந்து நின்றது. அதன் அடியிலிருந்து நூல்போல ஒன்று நீண்டு, அவசரமே இல்லாமல், மீனின் விலாப் பக்கம் போனது. தொட்டதா என்றுகூடத் தெரியவில்லை. மீன் நின்றுவிட்டது. துடிக்கவில்லை. வாய் திறந்தபடி, கண் விழித்தபடி, நட்டுவைத்ததுபோல் நின்றது. சங்கின் வாய் சுருக்குப்பை மாதிரி விரிந்து அதை முழுசாக உள்ளே வாங்கிக்கொண்டது.

உனக்கும் இப்படித்தான் இருந்ததா அண்ணா? உள்ளே எல்லாம் தெரிந்துகொண்டே இருந்ததா?

ஏழுமலை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். சாய்த்து வைத்திருந்த துடுப்பை எடுத்துத் தொட்டிக்கு நேராக ஓங்கினான். நான் தொட்டிமேல் விழுந்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். உன்னைக் கொன்றதை, என் மார்போடு.

“வுடுக்கா! மாமாவ கொன்னத நான் வுடமாட்டேன்!”

“இது போனா உன்ன எவன்டா நம்புவான்? இத வெச்சிருக்க எனக்கு மட்டும் ஆசையா?” என்று கத்தினேன்.

துடுப்பைப் பிடித்தது அம்மாவின் கை. அவள் அவனைப் பார்க்கவில்லை, தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “குட்றா அத்த,” என்றாள். அவன் கொடுத்துவிட்டான். அதைப் பழையபடி சாய்த்து வைத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, “இன்னாடா இப்டி எளச்சிட்ட? சாப்ட்டியா?” என்றாள்.

அவன் மணலில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதான். அண்ணி வந்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள். பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நாளைக்கி எங்க போட்டுல வா ஏழுமல” என்றார். மன்னிப்பை நம் ஊர் அப்படித்தான் கேட்கும்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெயர்ப் பேச்சு வந்தது. இறந்தவர்களின் பெயரைப் புதிய இனத்துக்கு வைப்பது வழக்கம், ஆணின் பெயர் என்றால் கடைசியில் ஓர் ‘இ’ சேர்ப்பார்கள், தேசிங்குயி என்று வைக்கலாம் என்கிறார் மேடம் என்றேன்.

“வெச்சா அவரு பேரு நிக்கும் அத்தை,” என்றாள் அண்ணி.

“அதுக்கு எம் புள்ள பேரா?” அம்மா சீறினாள். “நாளைக்கி எவனாவது ‘தேசிங்கு கட்ச்சி ஒருத்தன் செத்தான்’னு சொல்வான். அது எங் காதுல வுழணுமா?”

உன்னைப் பறிகொடுத்தது போதாதென்று, உன்னையே கொலைகாரனாக்கப் பார்த்தேனே. சரி, வேண்டாம் என்றேன்.

சென்னைக்குத் திரும்பி அதைக் கொன்றேன். நோகாமல் மரத்துப்போக ஒரு உப்புக் கரைசல் உண்டு. அதில் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குழல் சுருங்கவே இல்லை, நீண்டபடியே தளர்ந்தது. பிறகு எரிசாராயத்தில் போட்டு மூடினேன். அறையில் தொட்டியின் மோட்டார் சத்தம் நின்றதும், இரண்டாவது தடவையாக உன்னை அனுப்பியதுபோல் இருந்தது. யாரும் “சாப்ட்டியா” என்று கேட்கவில்லை.

பெயருக்கு எந்த மொழிச் சொல்லையும் எடுக்கலாம், எழுத்து மட்டும் லத்தீனாக இருக்க வேண்டும். உதடு மரத்து வருகிறது என்று நீ போட்டில் சொன்னதையே எடுத்தேன். கோனஸ் மரப்பு. கோனஸ் என்பது கூம்புச் சங்குகளுக்குப் பொதுப் பெயர், மரப்பு உன் சொல். நம் கரையில் கேட்கிறவர்களுக்குப் பெயரே எச்சரிக்கை. கோட்டைக்குப்பத்தில் இப்போது அதை மரப்புச் சங்கு என்கிறார்கள். நண்டு வலையைக் கொட்டும்போது கூம்பாக எது வந்தாலும் கட்டையால் தள்ளிவிடுகிறார்கள்.

கட்டுரை அச்சாகி வந்த வாரம் ஊருக்குக் கொண்டுபோனேன். அண்ணி இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறாள். அம்மா படத்தைத் தடவிப் பார்த்தாள். கீழே இருந்த சின்ன எழுத்தைக் காட்டி, “இது இன்னா போட்டுக்குது?” என்றாள்.

“புடிச்சவர் பேரும்மா. எங்க கிடைச்சுது, யார் புடிச்சதுன்னு கட்டாயம் போடணும். தேசிங்கு, கோட்டைக்குப்பம்னு இருக்கு.”

“இது எப்பவும் இருக்குமா?”

“இந்தச் சங்கைப் பத்தி எவன் எங்க எழுதினாலும் இதப் பாக்காம எழுத முடியாது.”

“அப்போ அது அவன புடிக்கல,” என்றாள். “அவன்தான் அத்த புடிச்சான்.”

வரும் ஞாயிறு ஏழுமலை என்னை முகத்துவாரம் தாண்டிக் கூட்டிப்போகிறான். நீ கடைசியாக வலை இழுத்த இடத்தில் மோட்டாரை நிறுத்தி, உன் பெயர் இருக்கும் அந்த வரியை உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். இது வாக்கு. படித்து முடித்ததும் போட்டைத் திருப்பிவிடுவோம். அப்போது எங்களோடு ஏறாதே அண்ணா. கரையில் உனக்கு இனி எந்த வேலையும் பாக்கி இல்லை. எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
உன் பாப்பா